மூணு பவுன் வரியும் ஒரு பதினாறு வயசுப் பொண்ணும்

நான் காவிரிக்கு அந்தக் கரை, ஸ்ரீரங்கத்துக்காரி. எதிரணி நண்பர் சொன்னார், 'காந்தி இல்லேன்னா தென்னாப்பிரிக்கப் போராட்டமே இல்லை'ன்னு. சரிங்க. காந்தி யாரை நம்பி இறங்கினார்? அதைச் சொல்ல மறந்துட்டாரே!

நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன நம்ம ஜனங்களுக்கு முதல் வருஷம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து, ஊர் திரும்பாமல், மறுபடி கூலியாகவும் சேராமல் அங்கேயே இருந்தால், 1895-ஆம் வருஷச் சட்டப்படி தலைக்கு வருஷம் 3 பவுன் வரி. 3 பவுன்னா 60 ஷில்லிங். ஆறு மாதச் சம்பளம்! பிறகு 16 வயசுப் பையனுக்கும் வரி, 13 வயசுப் பொண்ணுக்கும் வரி. 'கூலியா இரு, இல்லே கப்பல் ஏறு' என்பதைத்தான் வரின்னு எழுதி வச்சிருந்தாங்க.

அது போதாதென்று 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாளரிடம் பதியாத கல்யாணம் செல்லாது! தாலி கட்டி நாலு பிள்ளை பெற்றவள் மனைவி இல்லையாம். எந்தத் தாய் பொறுப்பாள்?

இந்தியர் அனுமதியில்லாமல் மாகாண எல்லை தாண்டுவதே அங்கே குற்றம். தாண்டினார்கள் பதினோரு பெண்கள். பெரும்பாலும் தமிழச்சிகள், தம்பி நாயுடுவின் மனைவி உட்பட. சிலர் இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்க் கூலிகளிடம் பேசினார்கள். மேடையா, மைக்கா? ஒண்ணும் கிடையாது. அக்டோபரில் சுரங்கம் நின்றது. நவம்பரில் காந்தியோடு 2,000 பேருக்கு மேல் நடந்தார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மையும் தாயோடு சிறை போனாள். தாயாருக்குச் சொந்த ஊர் தில்லையாடி. மூன்று மாதம் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள். வயசு 16. அதே வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டத்தில் 3 பவுன் வரி போச்சு, நம்ம கல்யாணமும் செல்லுபடியாச்சு.

ஒரு வார்த்தை, கோபிக்காதீங்க. அங்கே ஒதுக்குறான்னு கொதிச்ச அந்தக் காலத்தில், எங்க ரங்கநாதர் கோவில் வாசல் நம்ம ஜனங்களிலேயே ஒரு பகுதிக்குத் திறக்கலை. மாகாணம் முழுதுக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல்தான். இதையும் சொல்லாமல் போனால் நான் பேசினது பாதிப் பேச்சு.

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடறேன். 1930 ஏப்ரல் 13. எங்க ஸ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, இதே திருச்சியிலிருந்து, ராஜாஜி வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு. ஆனாலும் தொண்டர்கள் போகும் வழியில் மரக்கிளையில் சோத்து மூட்டை தொங்கிச்சு. கட்டித் தொங்கவிட்டது யார்? எதிரணி நண்பர் பேர் சொல்லட்டும், நான் உட்கார்ந்துக்கறேன்.