அடிகளை எண்ணும் கடிகாரமும் கட்டுரை வகுப்பும்

கட்டுரை எழுதச் சொன்னால், "எதைப் பற்றி எழுதுவது?" என்று விழிக்காத மாணவர் எந்நாட்டிலும் அரியர். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி கட்டாய பாடம். அவ்வகுப்பாசிரியர் சிலர், உடலில் அணியும் நுண்கருவிகளையே பாடப் பொருளாக்கியுள்ளனர்.

முதலிற் பரபரப்பை உண்டாக்கியது கூகிள் நிறுவனத்தின் கணினிக் கண்ணாடி. 2013இல் 1,500 டொலர் விலையில் வெளிவந்த அது, அணிந்தவர் காண்பதையெல்லாம் படம் பிடிக்க வல்லது. 2014இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அதனைக் கொண்டு பத்திரிகைத் தொழிலைப் பயிற்றும் வகுப்பொன்றும் நடைபெற்றது. ஆனால், எதிரே நின்றவர்களோ, 'நம்மையும் படம் பிடிக்கின்றாரோ?' என ஐயுற்றனர். 2015 ஜனவரியில் அதன் பொது விற்பனை நின்றது.

இன்று எளிதிற் கிடைப்பது, நடக்கும் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம். மாணவி ஒருத்தி அதை அணிந்து நடக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் அது 6,000 என்று காட்டுகின்றது. '10,000 ஆகவில்லையே' என்று அவள் மனம் சோர்கின்றது. நல்லாசிரியர் அவ்விடத்திலேதான் வினவுவார்: "10,000 என்று விதித்தவர் யார்?"

விடை தேடிச் சென்றால் 1965ஆம் ஆண்டு ஜப்பானில் நிற்போம். அங்கே ஒரு கம்பனி விற்ற அடிமானியின் பெயர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். வியாபாரப் பெயரே நாளடைவில் வைத்திய விதிபோல நிலைத்துவிட்டது! 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சராசரி 72 வயதுடைய பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தோரிலும் 4,400 அடி நடந்தோரிடையே மரண வீதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு அப்பால் மேலதிக நன்மை தென்படவில்லை.

கேட்டதை அப்படியே நம்பாது மூலத்தைத் தேடுதல், சான்றை நிறுத்துப் பார்த்தல், கண்டதைத் தெளிவுற உரைத்தல்: கட்டுரைக் கலை என்பது இதுதானே!

எனினும் ஓர் எச்சரிக்கை. இருதயத் துடிப்பும் உறக்கமும் ஒருவரின் அந்தரங்கம். பிறர் நாட்குறிப்பைத் திறந்து பார்க்க நாணும் நாம், புள்ளிகளுக்காக ஒரு பிள்ளையின் உடற் கணக்கைக் கேட்கலாமா? அணிய விரும்பாத மாணவர்க்கு வேறு பயிற்சி அளிப்பதே முறை.

கடிகாரம் அடிகளை எண்ணும். யாரைக் காண நடந்தோம், வழியில் என்ன எண்ணினோம் என்பதை அது அறியாது. பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு திரும்பும்போது, "எத்தனை அடி நடந்தாய்?" என்று கேளாதீர்கள். "வழியில் என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். நல்ல கட்டுரை அங்கேதான் பிறக்கின்றது.