மக்காச்சோளத்துக்குக் கடைசிப் பந்தி

“ஏக்கருக்கு ரெண்டு டன் கம்போஸ்ட் போட்டால் மக்காச்சோளத்துக்கு யூரியாவே வேண்டாம் என்கிறார்களே, நிஜமா?” என்று பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. வீரிய ஒட்டு ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 250 கிலோ. ஏக்கருக்கு 100. ரெண்டு டன் என்ன, ஐந்து டன்னே போடுங்கள். ஈரம் போக மூன்று டன் தேறும். அதில் ஒரு சதவீதம் தழைச்சத்து என்றால் 30 கிலோ. முதல் போகத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6 கிலோ, பயிருக்குக் கிடைத்தால் பெரிய விஷயம். மூட்டையில் அச்சடித்த பச்சை இலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

மீதி 24 கிலோ எங்கே? அங்கேதான் ருசி.

மண்ணுக்குள் பந்தி போட்டால் முதலில் உட்காருவது பயிர் அல்ல, பாக்டீரியாவும் பூஞ்சையும். அவற்றுக்குக் கார்பன் சோறு, தழைச்சத்து குழம்பு. நுண்ணுயிரின் உடம்பில் ஏறக்குறைய எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து. உடம்பு கட்ட எட்டு என்றால், மூச்சு விட்டே இன்னொரு பதினாறை எரித்துவிடும். ஆக, 24 பிடி சோற்றுக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றினால் திருப்தியாகக் கை கழுவும். காய்ந்த மக்காச்சோளத் தட்டையிலோ ஒரு கரண்டிக்கு அறுபது பிடி. விருந்தாளி சும்மா இருப்பாரா? பக்கத்து இலையில் கை வைப்பார். மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரேட்டையும் வழித்துவிடுவார். அரைகுறையாக மக்கிய குப்பையைக் கொட்டிய கையோடு விதைத்தால் இளம்பயிர் வெளிறுவது இதனால்தான். நன்றாக மக்கிய கம்போஸ்ட்டில் விகிதம் பதினைந்து, இருபதுக்கு இறங்கியிருக்கும். குழம்பு மிஞ்சும். ஆனால் அதற்குள் சோறு விறைத்துப்போய்விட்டது. மென்று முடிக்க வருடக்கணக்காகும்.

இதற்கு மேல் கல்யாண வீடு தாங்காது. ஏனென்றால் அடுத்த பந்தியில் பரிமாறப்படுவது முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள்! அமீபா மாதிரியான ஒருசெல் உயிர்களும் நூற்புழுக்களும் பாக்டீரியாவை விழுங்குகின்றன. (வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு வேறு, இவை பயிரைத் தொடாது.) பாக்டீரியாவின் உடம்பில் இவற்றின் தேவைக்கு மேல் தழைச்சத்து இருப்பதால், மிச்சத்தை அம்மோனியமாகக் கழித்துவிடுகின்றன. வேருக்குக் கிடைப்பதில் நல்ல பங்கு இந்தக் கழிவுதான்.

இந்தப் பரிமாற்றமெல்லாம் ஈரத்தையும் வெப்பத்தையும் பார்த்து நடக்கும், பயிரின் அவசரத்தைப் பார்த்து அல்ல. மக்காச்சோளமோ முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ வரும் வரையிலான சில வாரங்களிலேயே தன் தழைச்சத்தில் பெரும்பகுதியை இழுத்துவிடும். அப்போது பற்றாவிட்டால், அடி இலையின் நுனியில் தொடங்கும் மஞ்சள் நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கும். ஓரங்கள் மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும்.

வரலாறும் வேண்டுமென்பவர்களுக்கு: ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1920-களில் இந்தூரில் சாணம், தழை, சாம்பலை அடுக்கி மக்கவைத்து, 1931-ல் அதைப் புத்தகமாக்கினார். நம் குப்பைக்குழிகளுக்கு அதில் பாதி தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கோவையில் 1972 முதல் கேழ்வரகு, மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் பயிரிட்டு நடக்கும் நீண்டகால உரச் சோதனை. அங்கே முந்துவது பரிந்துரைத்த உரத்தோடு தொழுவுரமும் சேர்த்த பாத்திகள்.

“அப்படியானால் ஏக்கருக்கு 80 டன் கொட்டுகிறேன்” என்று கிளம்புகிறவர்களுக்கு: ஈரம் போக நிற்கும் எடையில் அரை சதவீதம் மணிச்சத்து உள்ள கம்போஸ்ட் என்றால், ஏக்கருக்கு 30 கிலோ கேட்கும் பயிருக்கு 240 கிலோ போய்ச் சேரும். அத்தனையும் பயிருக்கு ஆகாது. மழையில் மண்ணோடு அரித்து ஏரிக்குப் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

ஐந்து டன் போதும், அதுவும் நன்றாக மக்கியதாக. மண் பொலபொலப்பாகும், ஈரம் நிற்கும், துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் கொஞ்சம் சேரும். 25-ஆம் நாள், 45-ஆம் நாள் மேலுரத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. முதல் வருடம் அந்த 6 கிலோவை நம்பிக் குறைக்கக்கூடிய யூரியா 13 கிலோ, கால் மூட்டையைவிடச் சற்றே அதிகம்.