புதிர் விளையாட்டின் முகப்பும் பாயிரமும்

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிலே, கற்பிட்டிப் பாதை பிரியும் சந்தி பாலாவி. திருக்கேதீச்சரத் தீர்த்தத்தின் பெயரைத் தானும் தாங்கிய இவ்வூர், தீர்த்தத்தாலன்றி உப்பளங்களாற் பெயர்பெற்றது. களப்பு நீர் பாத்திபாத்தியாகத் தேங்கி, வெயிலிலே வெண்மணியாக விளையுங் காட்சியை இவ்வழிப் பயணஞ் செய்த பழைய மாணவர் பலரும் கண்டிருப்பர்.

சில மாதங்களுக்கு முன், நம் கல்லூரியின் பழைய மாணவராகிய ஓர் இளைஞர் மடிக்கணனியொன்றுடன் என் இல்லத்துக்கு வந்தார். பகலில் உத்தியோகம் பார்த்து, இரவு நேரங்களில் ஈராண்டுகளாகத் தனியொருவராய் உழைத்து, அவர் ஒரு புதிர் விளையாட்டை இயற்றியிருந்தார். "விளையாட்டு முடிந்துவிட்டது, சேர். கடையில் வைக்கும் படத்தையும் நாலு வரியையும் பார்த்துப் பிழை திருத்தித் தாருங்கள்" என்றார். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்குக் கணனி விளையாட்டிற் பயிற்சியில்லை. ஆயினும் முகப்பும் பாயிரமும் நமக்குப் புதியன அல்லவாகலின் உடன்பட்டேன். அன்று ஆராய்ந்தவற்றை, இத்துறையிற் புகும் இளைஞர்க்குப் பயன்படுமென்று கருதி, இம்மலரில் எழுதுகின்றேன்.

முதலில் விளையாட்டின் பொருளைக் கூறுதல் வேண்டும். கடல்நீரின் செறிவு போமே என்னும் அளவையில் ஏறத்தாழ 3 பாகை. வெயிலில் நீர் ஆவியாகச் செறிவு ஏறும். வழியில் சுண்ணச்சத்து முதலிற் படியும். 25 பாகையளவில் உப்பு விளையத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடல் வேண்டும். ஆகவே எந்த மதகை எப்பொழுது திறப்பது என்பதே உப்பளத்தாரின் கலை. அக்கலையையே இளைஞர் புதிராக்கியிருந்தார். அவருடைய தந்தையார் உப்பளத் தொழிலாளி.

ஆனால் அவர் காட்டிய முகப்புப் படத்திலோ, வாளேந்திய வீரன் ஒருவன் நின்றான். பின்னே கோபுரமொன்று தீப்பற்றி எரிந்தது. "வீரனைக் கண்டால்தான் சனம் நிற்கும், சேர்" என்றார்.

இத்தகைய விளையாட்டுக்கள் பெரும்பாலும் ஸ்டீம் என்னும் இணையக் கடையிலே விற்கப்படுகின்றன. 100 அமெரிக்க டொலர் கட்டணஞ் செலுத்தும் எவரும் ஆங்கே தம் விளையாட்டை வைக்கலாம். எனவே ஆண்டுதோறும் பல்லாயிரம் விளையாட்டுக்கள் வந்து குவிகின்றன. அவற்றிடையே ஒருவர் கண் முதலிற் படுவது சிறுபடமொன்றே. அதன் அளவு நெடுங்காலம் 231 படப்புள்ளி அகலமும் 87 உயரமுமாக இருந்தது. இன்று இரட்டித்துக் கேட்கப்படினும், திரையிற் சிறிதாகவே தோன்றும். படத்தை அழுத்தி உள்ளே வருவோர் அடுத்துக் காண்பது 300 எழுத்தளவில் அமைந்த சிற்றுரை. இவ்விரண்டையும் நோக்கியே, மேலும் பார்ப்பதா அப்பாற் செல்வதா என்று அவர் துணிகின்றார்.

படத்தை மூன்று வகையாற் சோதித்தோம். முதலாவது, அதனைப் பெருவிரல் நகத்தளவாகச் சுருக்கினோம். வீரன் கறுப்புப் புள்ளியானான்; விளையாட்டின் பெயரோ வாசிக்க முடியாததாயிற்று. இரண்டாவது, சந்தித் தேநீர்க்கடைக்காரரிடம் ஐந்தெண்ணும் நேரம் படத்தைக் காட்டி, "இதில் என்ன செய்யவேண்டும்?" என்று வினவினோம். "சண்டை பிடிக்கவேணும்" என்றார் அவர். மூன்றாவது, படத்தில் உள்ளவற்றுள் எவை விளையாட்டினுள் உள்ளன என்று எண்ணினோம். வாளும் இல்லை; வீரனும் இல்லை; தீயும் இல்லை. இம்மூன்றிலும் தோற்ற படம், எத்துணை அழகிதாயினும், முகப்பாகாது.

இனிச் சிற்றுரை. 'மனத்தை மயக்கும், அறிவைத் தீட்டும், இதுவரை காணாத அனுபவம்' என்று அது தொடங்கிற்று. வேறொரு விளையாட்டின் பெயரை அதன் தலையில் இட்டுப் பார்க்குமாறு கூறினேன். அதற்கும் பொருந்திற்று, சவர்க்காரத்துக்குங் கூடப் பொருந்திற்று. எல்லாவற்றுக்கும் பொருந்தும் உரை எதனையும் உணர்த்தாது.

இவ்விடத்தே நன்னூல் துணைசெய்கின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டுமென்பர் பவணந்தி முனிவர். கடையுரைக்கும் இவ்வெட்டும் அமையும். வழி என்பது எவ்வகை விளையாட்டென்பது; எல்லை, எக்கணனிகளில் எம்மொழிகளில் ஓடுமென்பது; யாப்பு, புதிர்கள் எத்துணை, எவ்வாறு தொடுக்கப்பட்டன என்பது; நுதலிய பொருள், ஆடுவோர் கையாற் செய்யுந் தொழில் யாதென்பது; கேட்போர், யாருக்கு உவக்குமென்பது. நுதலிய பொருளே முதல் வாக்கியத்தில் நிற்கவேண்டும். எஞ்சியன பின்வரலாம்.

தற்புகழ்ச்சிக்கும் அந்நூலில் வரம்புண்டு. எத்துறை வல்லவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாதென்பதனால், பாயிரத்தை ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே செய்வர். எனினும் தம் ஆற்றலை அறியாதாரிடத்துக் கூறிக்கொள்ளலாமென்று விலக்கும் உண்டு. கடைக்கு வருவோர் நம்மை அறியாதாரே. ஆதலின் உள்ளதைக் கூறலாம். அடைமொழிகளை அடுக்குதலே தவறு. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமும் 2022 செப்டெம்பர் முதல், முகப்புப் படங்களில் விருதுப் பெயர்களையும், விமரிசகர் புள்ளிகளையும், விலைக்கழிவு அறிவிப்புக்களையும் பொறித்தலாகாதென விதித்தது. படமும் பெயருமே அங்கு நிற்கலாம்.

தமிழர் ஆக்கத்திலே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உளது. ரொறன்ரோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 யூலையில் வெளியிட்டது 'வெண்பா'. தாயின் சமையற் குறிப்பேட்டிலே கிழிந்தும் மங்கியும் போன பகுதிகளை ஊகித்தறிந்து, இட்டலி முதலியவற்றைச் சமைத்தலே அதன் புதிர். அதன் கடையுரை, இது கதையோடு கூடிய சமையல் விளையாட்டென்பதையும், 1980-களிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த இந்தியத் தாயாக நாம் ஆடுவோமென்பதையும் தொடக்கத்திலேயே நேராகச் சொல்லிவிடுகின்றது. தமிழ் யாப்பின் பெயரையே தலைப்பாக வைத்தனர்; அதனை மறைக்க முயன்றாரல்லர். 2024-இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் முதலாக்க விருது அதற்குக் கிடைத்தது.

இதற்கு மறுதலையும் உண்டு. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்னும் கைத்தொலைபேசி விளையாட்டுக்களின் விளம்பரங்கள், விளையாட்டிற் பெரும்பாலும் காணப்படாத புதிர்களைக் காட்டி மயக்கின என்று, 2020-இற் பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை தீர்ப்பளித்துத் தடுத்தது. பெருநிறுவனம் அத்தகைய இழுக்கைத் தாங்கும், தனியொருவர் தாங்கார். ஸ்டீம் கடையில் வாங்கியோர், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணிக்குக் குறைவாக ஆடியிருப்பின், பணத்தைத் திரும்பப் பெறலாம். சண்டையை நாடி வந்தவர் உப்புப் பாத்தியைக் கண்டால் பணத்தை மீட்டுக்கொண்டு, கடிந்தெழுதியுஞ் செல்வார். புதிரை நாடுபவரோ வாளைக் கண்டு வாராதே போவார். பொய்யான முகப்பு இருவரையும் இழக்கச் செய்யும்.

இளைஞர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "அப்பாவும் படத்தைப் பார்த்தவர், சேர். 'இதில் எங்கட வாடி எங்கே?' என்று மட்டும் கேட்டவர்" என்றார். நான் மூன்று சோதனையால் நாடிய முடிவை அம்முதியவர் ஒரே வினாவில் முடித்திருந்தார்.

புதிய படத்தில், மேலிருந்து நோக்கிய வெண்பாத்திகள் சில, பல நிறத்தனவாய்க் கிடக்கின்றன. ஒரு மதகு பாதி திறந்திருக்கின்றது. அதன்மேல் ஒரு கை. நகத்தளவிலும் அது தெரிகின்றது. சிற்றுரை பின்வருமாறு அமைந்தது: 'மதகுகளைத் திறந்தும் மூடியும் கடல்நீரை உப்பாக்கும் புதிர் விளையாட்டு. முந்தித் திறந்தால் சுண்ணம் கலக்கும். பிந்தினாற் கசப்புக் கலக்கும். அறுபது பாத்திகள். அவசரமில்லை, வெயில் காத்திருக்கும்.'

விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வரவில்லை. எத்துணைபேர் வாங்குவரென்பதை யான் அறியேன். வருவோர் எதனைக் கண்டு வந்தாரோ அதனையே உள்ளேயும் காண்பர் என்பது மட்டும் திண்ணம். தேநீர்க்கடைக்காரரிடம் புதிய படத்தைக் காட்டியபோது, "தண்ணி திறந்துவிடுகிற வேலை" என்றார். அவ்விடை போதும். நம் கல்லூரியின் வகுப்பறைகளிலிருந்து இத்தகைய ஆக்கங்கள் மேலும் தோன்றுக. தோன்றுவன தம் ஊரின் முகத்தோடே உலகின் முன் நிற்க.