பற்றறியின் ஆயுளும் நமது பழக்கமும்

ஏட்டுத் தமிழிற் பலகைக் கணினி என்றும், பேச்சு வழக்கில் டேப்லெட் என்றும் சொல்லப்படும் கருவி இன்று நமது வீடுகளிற் புதுமைப் பொருளன்று. 2010ஆம் ஆண்டில் ஐபாட் விற்பனைக்கு வந்த பின்னர் இவ்வகைக் கருவி உலகெங்கும் பரவியது. பெருந்தொற்றுப் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று அரும்பாடுபட்டு ஒன்றை வாங்கிய பெற்றோர் நம்மிடையே பலர். அவ்வாறு வாங்கிய கருவி சில ஆண்டுகளில் ஒரேயொரு குறையாற் பயனற்றுப் போவதுண்டு. திரை தெளிவாக இருக்கும். எழுத்தும் ஒலியும் பழுதின்றி வரும். ஆனால் மின் இணைப்பைக் கழற்றிய அரை மணி நேரத்துள் கருவி அணைந்துவிடும். கையுங் காலும் உறுதியாயிருக்க இருதயம் மட்டும் தளர்ந்துவிட்ட நிலை இது. அந்த இருதயந்தான் பற்றறி.

டோர்ச் விளக்கின் பற்றறியைப் போல இதனைக் கழற்றி மாற்றுவது எளிதன்று. பெரும்பாலான கருவிகளிற் பற்றறி உள்ளே ஒட்டப்பட்டு மூடப்பட்டிருக்கிறது. தேர்ந்த தொழிலாளர் ஒருவரின் உதவி வேண்டும், பணமும் வேண்டும். ஆகவே, பற்றறியின் ஆயுளைக் காப்பது கருவியின் ஆயுளையே காப்பதாகும். அதற்குரிய வழி யாது என்பதை இன்று ஆராய்வோம்.

இவ்விடயத்தில் ஆளுக்கொரு புத்திமதி கூறுவர். “முற்றாகத் தீர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்” என்பார் ஒருவர். “எப்போதும் நிறைவாகவே வைத்திருக்க வேண்டும்” என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றுகளும் பொய்யல்ல. ஆனால் இக்கருவிக்கு உரியனவுமல்ல. மோட்டார் வண்டியில் உள்ள ஈய அமிலப் பற்றறி, மின்னிறங்கிய நிலையிற் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்து கெட்டுவிடும். எனவே அதனை நிறைவாக வைத்திருப்பதே முறை. பின்னர் வந்த நிக்கல் கட்மியப் பற்றறியோ, ஒரே அளவுக்குப் பாதி பாதியாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டால், அந்தப் பாதியையே தன் எல்லையாகக் கொள்ளும் இயல்புடையது. அதற்கு முற்றாகத் தீர்த்து மின்னேற்றுவது நன்று. இவற்றின் காலத்தில் உண்டான பழக்கங்களே இன்றும் புத்திமதிகளாக உலவுகின்றன. பற்றறியின் இனம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்றைய பலகைக் கணினியில் உள்ளது இலிதியம் அயன் பற்றறி. 1970களில் இதற்கு அடிகோலியவர் ஸ்ரான்லி விற்றிங்காம். 1980ஆம் ஆண்டில் ஜோன் குடினஃப் என்பார் கோபாற்று ஒட்சைட்டை நேர்முனையாக அமைத்து அதன் வலுவை உயர்த்தினார். 1985இல் யப்பானிய அறிஞர் அக்கிரா யொஷினோ எதிர்முனையிற் கரிப்பொருளை வைத்து அதனைப் பாதுகாப்பானதாக்கினார். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்றைய பற்றறிகளில் அக்கரிப்பொருள் பெரும்பாலும் காரீயமே. நமது நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்படும் காரீயத்தை அறியாதார் இலர். பென்சிலின் உள்ளீடாக இருப்பதும் அதுவே. ஓலைச் சுவடியில் ஏட்டின்மேல் ஏடு அடுக்கப்பட்டிருப்பது போலக் காரீயத்திலும் கரியணுக்கள் படை படையாக அடுக்கப்பட்டுள்ளன. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, இடையிலுள்ள மின்பகுபொருளைக் கடந்து, இந்த ஏடுகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. கருவியை நாம் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தே பற்றறியின் வாழ்வு.

ஒவ்வொரு பயணத்திலும் சிறிது தேய்மானம் உண்டு. அயன்கள் புகும்போது காரீயம் விரிகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. அதன் மேற்பரப்பிற் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் இதனால் வெடித்து மீண்டும் மீண்டும் உருவாகிறது. அப்படலம் உருவாகுந்தோறும் சிறிதளவு இலிதியம் அதிற் சிறைப்பட்டுவிடுகிறது. சிறைப்பட்ட இலிதியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. பற்றறி முதுமையடைகிறது என்று நாம் கூறுவதன் முக்கியமான உட்பொருள் இதுவே.

இம்முதுமையை விரைவுபடுத்துவன இரண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று மிகை நிறைவு. முழுதும் மின்னேறிய கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 4.2 உவோற்று. அந்த உச்ச நிலையில் மின்பகுபொருள் நேர்முனையில் மெல்ல மெல்லச் சிதைகிறது. வெப்பமும் சேர்ந்தால் அச்சிதைவு மேலும் விரைவுறும். பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு ஒன்றைக் கேளுங்கள். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 40 வீத மின்னேற்றத்துடன் ஓராண்டு வைக்கப்பட்ட பற்றறி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 வீதத்தைக் காத்துக்கொள்கிறது. அதே வெப்பநிலையில் நிறைவாக வைக்கப்பட்டது ஏறத்தாழ 80 வீதத்தையே காக்கிறது. 40 பாகை வெப்பத்தில் நிறைவாக வைக்கப்பட்டதோ 65 வீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பற்றறி முதுமையடையும் என்பதும் இதனாற் பெறப்படும்.

ஐபாட் உற்பத்தியாளர், 16 முதல் 22 பாகை வரையான வெப்பநிலையே தம் கருவிக்கு மிக உகந்தது என்றும், 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பற்றறியை நிரந்தரமாகப் பழுதாக்கக்கூடும் என்றும் கூறுகின்றனர். இவ்விதியை வகுத்தோர் நுவரெலியாவை மனத்திற் கொண்டிருந்தனர் போலும்! கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பகல் வெப்பம் 30 பாகையளவில் நிற்கும்போது, 35ஐ எட்டுவதற்கு அதிக தூரமில்லை. மின்னேறும் பற்றறி தானும் வெப்பத்தை உண்டாக்கும். அக்கருவியைத் தலையணையின் கீழோ மெத்தையின் மேலோ வைத்தாலும், தடித்த உறையுடன் மின்னேற்றினாலும், பூட்டிய வாகனத்தில் வெயிலில் விட்டுச் சென்றாலும் நேர்வது யாதென்று கூற வேண்டியதில்லை. காற்றோட்டமுள்ள மேசைமேல், உறையைக் கழற்றி வைத்து மின்னேற்றுவதே நமது நாட்டுக்கு ஏற்ற முதல் விதி.

இனி, எவ்வளவு மின்னேற்றுவது? பசித்த பின்னரே உண்ண வேண்டும் என்பது வயிற்றுக்கு நல்ல விதி. இப்பற்றறிக்கோ சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே நன்று. 20 வீதத்துக்குக் கீழே இறங்கவிடாமலும், 80 வீதத்துக்கு மேல் அடிக்கடி ஏறவிடாமலும் வைத்திருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். அடிக்கடி மின்னேற்றுவதாற் சுற்றுக்களின் எண்ணிக்கை கூடிவிடுமே என்று அஞ்சுவோர் உளர். இன்று 50 வீதமும் நாளை 50 வீதமும் செலவானால் அவையிரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. ஐபாட் பற்றறி இத்தகைய 1000 சுற்றுக்களின் பின்னரும் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்குமாறு அமைக்கப்பட்டுள்ளதென அதன் உற்பத்தியாளர் கூறுகின்றனர்.

இரவு முழுவதும் மின்னேற்றியில் விட்டுவைக்கலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. கருவியினுள் உள்ள காவற் சுற்று, பற்றறி நிறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்திவிடும். ஆதலால் அளவுக்கு மேல் மின்னேறும் என்ற அச்சம் வேண்டா. ஆயினும் உச்ச நிறைவிலே பல மணி நேரம் நிற்பது பற்றறிக்குச் சுமையே. அதனாலேயே 80 வீதத்துடன் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு அண்மைக்காலக் கருவிகள் பலவற்றில் அமைக்கப்பட்டுள்ளது. எந்நேரமும் மின் இணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துவோருக்கு அது பெரிதும் உதவும். நெடுநாள் பயன்படுத்தாது வைப்பதாயின், பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முற்றாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கிற் கிடக்கும் பற்றறி மீண்டும் மின்னேற மறுத்தல் கூடும்.

இவ்விதிகளுக்கு நாம் அடிமையாகவும் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நமது நாட்டில் ஒரு நாளிற் 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய நாளிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் “80 வீதத்தோடு நிறுத்து” என்று கூறுதல் அறிவுடைமையாகாது. மின்சாரம் வந்தபோது முழுவதும் நிறைத்துக்கொள்வதே அங்கு சரியான செயல். பற்றறி நமக்காகவே அன்றி, நாம் பற்றறிக்காக அல்லோம். தேவையான நாளில் நிறைத்துத் தேவையற்ற நாளில் அளவோடு நிறுத்தினாற் போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கருவியின் பின்புறம் உப்பியிருந்தாலோ, திரை சட்டத்தை விட்டு மேலெழுந்தாலோ, பற்றறியினுள் வாயு சேர்ந்துவிட்டதென்று அறிக. அதன்பின் மின்னேற்றலாகாது, அழுத்தலாகாது, குத்தித் திறக்கவும் ஆகாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. அதனைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு எறிதலும் எரித்தலும் தகா.

2025ஆம் ஆண்டு யூன் 20ஆம் திகதி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் பலகைக் கணினிகளின் பற்றறி 800 சுற்றுக்களின் பின்னும் 80 வீதக் கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. அங்கே சட்டம் உற்பத்தியாளரைக் கேட்கிறது. இங்கே, வாங்கும் நாமே கேட்கலாம்: பற்றறி எத்தனை சுற்றுக்கள் உழைக்கும்? பழுதானால் மாற்ற முடியுமா? மாற்றுவதற்கு என்ன செலவாகும்? திரையின் அகலத்தையும் விலையையும் கேட்கும் அதே வாயால் இவற்றையும் கேட்டுக்கொண்டால், அண்ணன் படித்த கருவியிலேயே தங்கையும் படிக்கலாம்.