மாமரத்தைத் துளைக்கும் வண்டு

பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளுள் பெரும்பாலானவை இலையையோ காயையோ தின்பவை. ஒரு போகத்தில் நேர்ந்த நஷ்டத்தைக் குடியானவன் மறு போகத்தில் ஈடு செய்துகொள்ளக் கூடும். மாமரத்தின் தண்டைத் துளைக்கும் புழுவோ, தலைமுறை தலைமுறையாகப் பலன் தரவேண்டிய மரத்தையே மாய்த்துவிடுகிறது. சேலம், கிருஷ்ணகிரி, திண்டுக்கல் பக்கங்களில் தோப்பை நம்பி ஜீவிக்கும் குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமன்று.

இப்புழு ஒரு பெரிய வண்டின் இளம் பருவமாகும். வண்டு சுமார் 2 அங்குல நீளமும், சாம்பல் கலந்த பழுப்பு நிறமும், நீண்ட மீசைகளும் உடையது. அதன் கழுத்துப் புறத்தில் செம்மஞ்சள் நிறமான இரண்டு பொட்டுகள் காணப்படும். பெண் வண்டு மரப்பட்டையின் வெடிப்புகளிலும் காயங்களிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிப்படும் கால்களற்ற வெண்ணிறப் புழு பட்டைக்குள் புகுந்து, பல மாதங்கள் மரத்தைத் தின்று 3 அங்குலத்துக்கு மேலும் வளரும். பின்னர் உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியேறும்.

மரத்தின் சத்து நீர் ஓடும் வழிகளைப் புழு அறுத்துவிடுவதால் கிளை வாடி, இலைகள் உதிர்கின்றன. அப்போது தண்ணீர்க் குறைவென்று எண்ணி மிகுதியாக நீர் பாய்ச்சுவதில் பிரயோஜனமில்லை. தண்டில் துவாரமும், அதில் சாறு வடிதலும், மரத்தூள் கலந்த எச்சமும் உளவா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

துவாரம் புதிதாயின் அதைச் சுத்தம் செய்து, நுனி வளைந்த கம்பியை உட்செலுத்திப் புழுவை இழுத்துக் கொல்லலாம். கம்பிக்கு எட்டாவிடில், மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சை உள்ளே திணித்து, துவாரத்தைக் களிமண்ணால் நன்றாக மூடிவிட வேண்டும். அம்மரத்தருகே தீ மூட்டலாகாது. முற்றும் பட்டுப்போன கிளைகளை வெட்டிச் சுட்டுவிடுதல் அவசியம். விறகுக்கென்று அடுக்கி வைத்தால் உள்ளிருக்கும் புழுக்கள் வண்டுகளாகி மீண்டும் தோப்புக்கே பறந்து செல்லும்.

வருமுன் காப்பதே சுலபம். அடிமரத்தில் தளர்ந்த பட்டையைச் சுரண்டி, 1 பங்கு தாருடன் 2 பங்கு மண்ணெண்ணெய் கலந்து, தரையிலிருந்து 3 அடி உயரம் வரை பூசினால் வண்டு அங்கு முட்டையிடாது. உழும்போதும் கவாத்து செய்யும்போதும் மரத்தில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஒருவர் மட்டும் செய்வது போதாது. இவ்வண்டுக்கு வேலி எல்லை தெரியாது. மாவையன்றி இலவு, அத்தி, முருங்கை முதலியவற்றிலும் அது பெருகும். கவனிப்பாரற்ற ஒரு மரம் ஊர்த் தோப்புகள் அனைத்துக்கும் கேடு விளைவிக்கும். அண்டை நிலத்தாரின் அசிரத்தையால் பிறர் பயிர் அழியலாகாது என்னும் நோக்கத்துடனேயே சென்னை மாகாணத்தில் 1919-ல் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் வற்புறுத்தலை எதிர்பாராமல், சங்க அங்கத்தினர்கள் மழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, தாரைப் பொதுவில் வாங்கி, எல்லாத் தோப்புகளையும் ஒருங்கே பார்வையிடலாம். ஆளுக்குச் சிறிது உழைப்பும் சொற்பச் செலவும், மறுபடி வளர்க்கப் பல்லாண்டு பிடிக்கும் மரங்களைக் காப்பாற்றித் தரும்.