அமைப்பு அழைப்புத் தடமறிதல்

அமைப்பு அழைப்புத் தடமறிதல் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் இயக்குதளத்தின் கருனியிடம் விடுக்கும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் முறையாகும். கோப்பைத் திறப்பதோ, வலையமைப்பில் தரவை அனுப்புவதோ நிரலால் தனித்துச் செய்ய முடியாதவை. கருனியைக் கேட்டே ஆகவேண்டும். எனவே மூலநிரல் கையில் இல்லாதபோதும், சொல்லாமல் நின்றுபோகும் மென்பொருள் எந்தக் கோப்பைத் தேடி ஏமாந்தது என்பதை இதன்வழி அறியலாம்.

லினக்சில் இதற்குரிய முதன்மைக் கருவி ஸ்ட்ரேஸ். பால் கிரானன்பர்க் 1991-இல் சன்ஓஎஸ் இயக்குதளத்துக்காக எழுதிய இது, பின்னர் லினக்சுக்குக் கொண்டுவரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற பாஸ் லினக்சிலும் இதைப் பயன்படுத்தலாம்.

ஸ்ட்ரேஸ், பிடிரேஸ் என்னும் வசதியின் துணையால் நிரலை ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்தி, செயலியின் பதிவகங்களைப் படிக்கிறது. அங்கே கிடைப்பது அழைப்பின் பெயரன்று, எண் மட்டுமே. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்86 குடும்பத்தின் 64 பிட் முறையில் 2 என்பது கோப்பைத் திறக்கும் ஓப்பன். 32 பிட் முறையில் அதே எண் புதிய செயலாக்கத்தைப் பிறப்பிக்கும் ஃபோர்க். 64 பிட் நிரலொன்று பழைய 32 பிட் வழியில் அழைத்தால், தடமறியும் கருவி தவறான பெயரைக் காட்டிவிடும். எந்த வழியில் அழைப்பு வந்தது என்பதைக் கருனியே தெரிவிக்கும் ஏற்பாடு 2019-இல் லினக்ஸ் 5.3-இல்தான் வந்தது.

லினக்ஸ் கருனி பழைய அழைப்புகளை எளிதில் நீக்குவதில்லை. புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆனால் இடையிலுள்ள குனூ சி நூலகம் மாறிவிடுகிறது. அதன் 2.26 பதிப்பிலிருந்து (2017) ஓப்பன் செயற்கூறு உள்ளே ஓப்பன்அட் அழைப்பையே பயன்படுத்துகிறது. பழைய பழக்கத்தில் ஓப்பனை மட்டும் வடிகட்டிப் பார்த்தவர்களுக்கு வெற்றுத்திரையே கிடைத்தது.

2021-இல் வெளிவந்த 2.34 பதிப்பு இன்னும் பெரிய தொல்லை தந்தது. இழைகளை உருவாக்க அது குளோன்3 என்னும் புதிய அழைப்பை முதலில் முயன்றது. பழைய டாக்கர் கொள்கலன்களின் பாதுகாப்பு வடிகட்டி, அறியாத அந்த அழைப்புக்கு "அப்படியொன்று இல்லை" என்பதற்குப் பதிலாக "அனுமதி இல்லை" என்று விடையளித்தது. அதனால் நூலகம் பழைய குளோனுக்குத் திரும்பாமல் தோல்வியை அறிவித்தது; நிரல்கள் தொடங்கவே மறுத்தன. தடப்பதிவின் ஒரு வரியில் காரணம் தெரிந்துவிடும், ஸ்ட்ரேஸ் புதியதாக இருந்தால். பழைய பதிப்பு குளோன்3-க்குப் பெயர் தெரியாமல் 435-இன் பதினறும வடிவத்தை மட்டுமே காட்டும். 2019-இன் 5.0 முதல் ஸ்ட்ரேஸின் பதிப்பெண் கருனியின் பதிப்பெண்ணை ஒட்டியே செல்வது, எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்க உதவுகிறது.

லினக்ஸ் 5.1-இல் வந்த ஐஓ-யூரிங் இம்முறைக்கே ஒரு வரம்பிட்டது. அதில் நிரல் தன் கோரிக்கைகளைக் கருனியுடன் பகிரும் நினைவக வளையத்தில் எழுதிவைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு இல்லாததால் அந்தப் படிப்பும் எழுத்தும் ஸ்ட்ரேஸின் பதிவில் வருவதில்லை. அவற்றைக் காண கருனிக்குள்ளேயே உள்ள தடப்புள்ளிகளை நாடவேண்டும்.