வைரஸ் போயிற்று, இணைப்பு எங்கே?

2012-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் இணையத் தொடர்பை இழக்கக்கூடும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதியிருந்தன. புயலோ நிலநடுக்கமோ இதற்குக் காரணம் அன்று. கடலடிக் கம்பி எதுவும் அறுந்துவிடவும் இல்லை. அமெரிக்காவில் இயங்கிவந்த சில கணிப்பொறிகளை நிறுத்த வேண்டிய கெடு நாள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கோ சில பொறிகளை நிறுத்தினால் வேறெங்கோ இருக்கும் லட்சக்கணக்கான பொறிகள் ஏன் தொடர்பை இழக்க வேண்டும்? இதற்கு விடை கண்டால் இன்னொரு புதிரும் விடுபடும். கணிப்பொறியிலிருந்து வைரஸை நீக்கிய பிறகும் பல நேரங்களில் இணையம் வருவதில்லையே, ஏன்? அதைச் சரிசெய்வது எப்படி? வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் செய்தி போய்ச் சேருவதற்கு முகவரி எண் தேவை. இதை ஐ.பி. எண் என்பர். இன்றும் பெருவழக்கில் உள்ள வகையில் இந்த எண்ணுக்கு நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஒரு பகுதிக்கு 8 பிட் வீதம் மொத்தம் 32 பிட். ஆகவே 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296 வெவ்வேறு எண்கள் கிடைக்கும்.

இத்தகைய எண்களை யார் நினைவில் வைத்துக்கொள்வது? நமக்குப் பெயர்தான் எளிது. ஆதலால் தொடக்க காலத்தில் எல்லாப் பொறிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே கோப்பில் எழுதிவைத்தார்கள். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டனர். பொறிகள் பெருகப் பெருக இந்த முறை திணறியது. 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் டி.என்.எஸ். என்னும் புதிய முறையை வகுத்தார். பெயரைச் சொல்லிக் கேட்டால் எண்ணைத் திருப்பித் தரும் சர்வர்களின் அமைப்பு இது. கைப்பேசியில் நண்பனின் பெயரைத் தொட்டால் அவனுடைய எண்ணுக்கு அழைப்பு போகிறது அல்லவா? அதுபோலத்தான்.

எந்த டி.என்.எஸ். சர்வரிடம் கேட்க வேண்டும் என்பதை உங்கள் கணிப்பொறி ஓரிடத்தில் குறித்து வைத்திருக்கிறது. அந்தச் சிறு குறிப்பில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டவன் உங்களை எங்கு வேண்டுமானாலும் அழைத்துச் செல்லலாம்.

வழிகாட்டிப் பலகையைத் திருப்பியவர்கள்

இதையே செய்தது டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீய நிரல். எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கும்பல் 2007 முதல் 2011 வரை அதைப் பரப்பியது. "இந்தப் படத்தைப் பார்க்க இச்சிறு நிரலை நிறுவிக்கொள்ளுங்கள்" என்று காட்டி ஏமாற்றுவது அதன் வழிகளில் ஒன்று. நிறுவியவுடன் அது டி.என்.எஸ். குறிப்பை அழித்துக் கும்பலின் சர்வர் எண்ணை எழுதிவிடும். வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் புதுப்பிக்கப்படாமலும் தடுக்கும். சில வீடுகளில் ரூட்டரின் கடவுச்சொல்லை ஊகித்து, அதிலிருந்த குறிப்பையும் மாற்றிவிட்டது.

பிறகு என்ன? ஒரு தளத்தின் பெயரை அழுத்தினால் வேறு தளம் திறக்கும். ஒரு பக்கத்தில் இருக்க வேண்டிய விளம்பரத்தின் இடத்தில் கும்பலுக்குக் காசு தரும் விளம்பரம் தோன்றும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணிப்பொறிகள் இவ்வாறு ஏமாந்தன. கும்பல் குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் ஈட்டியது என்று அமெரிக்க அரசு கூறியது.

2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதாயினர். அமெரிக்காவில் இருந்த அவர்களுடைய சர்வர்கள் கைப்பற்றப்பட்டன. இங்கேதான் அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம் எழுந்தது. அந்தச் சர்வர்களை உடனே நிறுத்தினால், அவற்றையே நம்பியிருந்த லட்சக்கணக்கான பொறிகள் எந்தப் பெயருக்கும் எண் கிடைக்காமல் தவிக்கும். திருடனைப் பிடித்ததற்குத் தண்டனை, பறிகொடுத்தவர்களுக்கா?

ஆகவே நீதிமன்ற ஆணையின்படி, அவற்றின் இடத்தில் நேர்மையான விடை தரும் சர்வர்களை வைத்து நடத்தும் பொறுப்பு, இண்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பிடம் தரப்பட்டது. முதலில் 2012 மார்ச் 8 வரை கெடு. பின்பு அது ஜூலை 9 வரை நீட்டிக்கப்பட்டது. இடையில் பலவாறு எச்சரித்தார்கள். 2012 மே மாதத்தில் கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே எச்சரிக்கை காட்டியது. ஆயினும் பலர் கடைசி வரை மாற்றவில்லை. காரணம், அவர்களுடைய பொறியில் இணையம் வந்துகொண்டுதான் இருந்தது! இயங்கும் பொறியில் பழுது இருக்கும் என்று யார் நினைப்பார்? கெடு முடிந்த பிறகும் சில இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்காக மாற்றுச் சர்வர்களைத் தாமே நடத்தியதால் பெரும் குழப்பம் நேரவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. தீய நிரலை நீக்குவது வேறு. அது மாற்றிவைத்ததைத் திருத்துவது வேறு. திருடனை வெளியேற்றினால் மட்டும் போதாது. அவன் திருப்பி வைத்த வழிகாட்டிப் பலகையை நாம்தான் நேராக்க வேண்டும்.

ஆய்வுக்கூடப் பாடம்

ஒரு மின்கலம், சாவி, கம்பிகள், விளக்கு ஆகியவற்றைத் தொடராக இணைத்திருக்கிறீர்கள். விளக்கு எரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எறிவீர்களா? மாட்டீர்கள். வோல்ட்மீட்டரை எடுத்து மின்கலத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகச் சோதிப்பீர்கள். எதுவரை சரி, எதிலிருந்து தவறு என்ற எல்லை தெரிந்தால் பழுது பிடிபட்டுவிடும். இணையப் பழுதுக்கும் இதே முறைதான்.

இங்கே நமக்கு வோல்ட்மீட்டராக உதவுவது 'பிங்' என்னும் கட்டளை. 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே இந்தப் பெயருக்கு மூலம். ஒலியை அனுப்பி எதிரொலி வருகிறதா என்று சோனார் பார்க்கிறது. பிங் ஒரு சிறு செய்தியை அனுப்பி விடை வருகிறதா, எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்று பார்க்கிறது. விண்டோஸ் கணிப்பொறியில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்ற சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு எண்ணையும் தட்டினால் போதும்.

முதற்படி: ஒப்பீடு. அதே ரூட்டரில் இணைந்த வேறொரு கைப்பேசியில் இணையம் வருகிறதா? வந்தால் பழுது உங்கள் கணிப்பொறியில். இரண்டிலும் வராவிட்டால் ரூட்டரையோ வெளி இணைப்பையோ ஐயுற வேண்டும்.

இரண்டாம் படி: 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பிங். இது எந்தக் கணிப்பொறியும் தன்னைத்தானே அழைக்கும் எண். விடை வராவிட்டால் பொறிக்குள்ளேயே வலைத்தொடர்பு நிரல்கள் சிதைந்துள்ளன.

மூன்றாம் படி: ரூட்டரின் எண்ணுக்குப் பிங். பல வீடுகளில் அது 192.168.1.1 என்றிருக்கும். விடை வராவிட்டால் உங்கள் பொறிக்குக் கிடைத்துள்ள எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பொறி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

நான்காம் படி: வெளியுலகில் உள்ள ஓர் எண்ணுக்குப் பிங். கூகுள் நடத்தும் பொது டி.என்.எஸ். சர்வரின் எண் 8.8.8.8. விடை வந்தால் பாதை திறந்திருக்கிறது. (சில பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பிங்கையே தடுத்திருப்பார்கள், அங்கே இச்சோதனை செல்லாது.)

ஐந்தாம் படி: இப்போது எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு வராவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் டி.என்.எஸ். குறிப்புதான்!

எங்கே திருத்துவது?

டி.என்.எஸ். குறிப்பில் அறிமுகமில்லாத எண் இருந்தால் அதை நீக்கி, 'தானாகப் பெறுக' என்ற நிலைக்கு மாற்றுங்கள். ரூட்டரின் அமைப்பையும் பார்த்து, அதன் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றுங்கள். இல்லையெனில் தவறான எண் மீண்டும் அங்கிருந்தே வந்து சேரும்.

எல்லாத் தளங்களும் வந்து, வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் வரவில்லையா? 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பைப் பாருங்கள். மேலே சொன்ன பழைய பெயர்ப் பட்டியல் முறையின் மிச்சம் இது. இன்றும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருக்கிறது. டி.என்.எஸ்.-ஐக் கேட்குமுன் பொறி இதைத்தான் பார்க்கும். தீய நிரல்கள் அந்தத் தளங்களின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று எழுதிவைப்பதுண்டு. பொறி தன் கதவையே தட்டிவிட்டு ஏமாந்து நிற்கும்.

பிங் எல்லாம் சரி, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் 'பிராக்சி' அமைப்பைப் பாருங்கள். தீய நிரல் தன்னை ஓர் இடைத்தரகனாக அமர்த்திக்கொண்டு, எல்லாச் செய்தியும் தன் வழியே போகும்படி செய்திருக்கலாம். தரகனை நீக்கிவிட்டோம், ஆனால் பிரவுசர் இன்னும் அந்தக் காலி நாற்காலியிடமே கேட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களோ உங்கள் பள்ளியோ வைக்காத பிராக்சியை அணைத்துவிட்டால் போதும்.

பழைய விண்டோஸ்களில் இன்னொரு பழுதும் அடிக்கடி நேர்ந்தது. நிரல்களுக்கும் வலைத்தொடர்புக்கும் இடையே 'வின்சாக்' என்ற அடுக்கு உண்டு. தீய நிரல் அங்கே சங்கிலியில் ஒரு கண்ணியாகப் புகுந்துகொள்ளும். அந்தக் கோப்பை மட்டும் அழித்தால் சங்கிலியே அறுந்துவிடும். 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து இதற்கென்று 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்ற கட்டளை இருக்கிறது. அது சங்கிலியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். பிறகு கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தீய நிரலை முற்றும் நீக்கிய பின்னரே செய்யுங்கள். அது உள்ளே இருக்கும்வரை நீங்கள் திருத்தத் திருத்த அது மாற்றிக்கொண்டே இருக்கும். "பழுது நீக்கித் தருகிறோம்" என்று திரையில் தானே குதித்து வரும் எதையும் நிறுவாதீர்கள், டி.என்.எஸ். சேஞ்சரும் உதவி செய்வதுபோலத்தான் உள்ளே நுழைந்தது. அந்தப் பொறியில் நீங்கள் தட்டிய கடவுச்சொற்களையெல்லாம் நலமான வேறொரு பொறியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

டி.என்.எஸ். சேஞ்சர் கும்பல் அன்று பயன்படுத்திய எண்களில் ஒரு தொகுதி 85.255.112.0 முதல் 85.255.127.255 வரை. இத்தொகுதியில் மொத்தம் எத்தனை எண்கள் அடங்கும்? 85.255.119.30, 85.255.130.4, 85.225.115.9 ஆகிய மூன்றில் எது இத்தொகுதியைச் சேர்ந்தது? ஒவ்வோர் இலக்கத்தையும் நிதானமாகப் பார்த்து விடை சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் வீட்டுக் கணிப்பொறி நலமாக இருக்கும் இன்றே, அதன் முகவரி எண், ரூட்டர் எண், டி.என்.எஸ். எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உடல் நலமாக இருக்கும்போது வெப்பநிலை 37 டிகிரி என்று தெரிந்திருப்பதால்தானே காய்ச்சலை நாம் கண்டுகொள்கிறோம்!